நேரமின்மை காரணமாக

என் தங்கையின் பாட்டுகள் எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு எனக்கும் நிம்மதி, வாசிப்பவருக்கும் நிம்மதி. அவள் ஒரு பிரித்தானிய பொப் இசைக்குழுவின் முதன்மைப் பாடகி. குழுவில் மற்ற நால்வரும் ஆங்கிலேயர்கள். மெலிந்து, முடி வளர்த்து, கோடையிலும் குளிருகிறவர்கள் மாதிரித் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பார்கள். ஒரு வரியைப் பிடித்தார்களென்றால் அது களைத்து விழும்வரை விடமாட்டார்கள். மேளம் நெஞ்சில் வந்து இடிக்கும். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் கம்பி இழுக்கும் இயந்திரங்களும் அப்படித்தான் இடிக்கின்றன. அதைக் கேட்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஆனால் பாட்டு வேறு, குரல் வேறு. அவளுடைய குரலை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரத்துத் தமிழர்களுக்கு இப்போது அவள் தங்கப் பிள்ளை. தமிழ்க்கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றால் பின்னால் ஒரு குரல் வரும். “நீங்கள்தானே அவவின்ர அண்ணை?” ஓம் என்பேன். அதற்குப் பிறகு என் கையில் இருக்கும் வெண்டிக்காய்க்கும் மரியாதை கூடிவிடும். கடைக்காரர் நல்லதாகத் தெரிந்தெடுத்துத் தருவார். இதே கடையில், இதே ஆட்கள், முன்பு வேறொரு குரலில் என்னிடம் விசாரித்தார்கள். “தங்கச்சி இப்ப எங்கயாம்? ஆரோட இருக்கிறாவாம்?” அந்த ‘ஆரோட’ என்ற சொல்லை அவர்கள் இழுத்த இழுவை இன்னும் என் காதில் இருக்கிறது. நான் மறக்கிற சாதி இல்லை.

அவள் ஹம்மில் பிறந்தவள். நானும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது. அப்பா எங்களுக்கு முன்பே வந்து, அகதி முகாமில் இருந்து, பாத்திரம் கழுவி, கடைசியில் கம்பித் தொழிற்சாலையில் இடம் பிடித்திருந்தார். தங்கை பிறந்தது அதற்குப் பிறகு. கிழமை நாட்களில் கம்பி, சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்று அப்பா வாழ்ந்தார். இரவல் வகுப்பறைகளில் அகரம் எழுதப் பழக்கினார், தேவாரம் பாடப் பழக்கினார். எல்லோரும் அவரை ‘மாஸ்டர்’ என்று கூப்பிட்டார்கள். தொழிற்சாலையில் அவரை யாரும் எப்படியும் கூப்பிடுவதில்லை, கையைத்தான் தட்டுவார்கள். அதனால் அந்த ‘மாஸ்டர்’ என்ற சொல் அவருக்கு உயிர்.

அப்பாவுக்கு உண்மையிலேயே சங்கீதம் தெரியும். எனக்குச் சொல்லித்தந்து பார்த்தார். என் தொண்டை ஒத்துழைக்கவில்லை. தங்கைக்கு நான்கு வயதில் தொடங்கினார். சுருதிப் பெட்டியை, அம்மா சமைக்கும் குசினியில், மேசையில் வைத்து, வேலையால் வந்த சட்டையோடு அவளை முன்னால் இருத்திக்கொள்வார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கும் நேரத்தில் அவள் சரளி வரிசை பாடுவாள். பிழை விட்டால் அடிக்க மாட்டார், கதைக்க மாட்டார். ஒரு முறை எசன் நகரில் நடந்த போட்டியில் அவளுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ஹம் வரும்வரை காரில் அப்பா வாய் திறக்கவில்லை. பின் இருக்கையில் அந்தக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, அது ஏதோ களவெடுத்த பொருள் மாதிரி அவள் கையால் மூடிக்கொண்டு வந்தாள். பேசாமல் இருந்து ஆளைக் கொல்வது எங்கள் வீட்டின் பரம்பரைச் சொத்து.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவள் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனாள். லீட்ஸில் ஒலிப் பொறியியல். அப்பா வெளியில் சொல்லும்போது முன்பாதியை விழுங்கிவிட்டு, “மகள் லண்டன் பக்கம் இஞ்சினியரிங் படிக்கிறா” என்றார். லீட்ஸ் லண்டன் பக்கம் இல்லை என்று நான் சொன்னதற்கு, “உனக்கென்ன தெரியும்” என்றார். அங்கே அவளோடு படித்த நான்கு பேர் ஒரு குழு வைத்திருந்தார்கள். அவர்களுடைய பாடகன் ஒரு நாள் கோபித்துக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு ஒலிவாங்கியைச் சரிபார்க்க வந்தவள் தங்கை. சரிபார்ப்பதற்காக இரண்டு வரி பாடியிருக்கிறாள். அவ்வளவுதான், அடுத்த ஆளைத் தேட வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

முதலில் மதுக்கடைகளில் பாடினார்கள். சில இடங்களில் கேட்க வந்தவர்களைவிட மேடையில் நின்றவர்கள் அதிகம். கார் திருத்தும் கொட்டகை ஒன்றின் பின்னறையில் பயிற்சி. ஒரு பழைய வேனில் இசைக் கருவிகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். பிறகு ஒரு பாட்டு வானொலியில் எடுபட்டது. அந்தப் பாட்டின் நடுவில் ஒரு இடத்தில் அவள் குரலை வளைத்து, அசைத்து, மெதுவாகக் கொண்டுவந்து இறக்குவாள். ஆங்கிலப் பத்திரிகைகள் அதைப் பெரிய புதுமை என்று எழுதின. அந்த வளைவு எங்கள் குசினி மேசையில் உண்டானது. தொழிற்சாலை இடைவேளையில் கைபேசியில் கேட்டவுடனேயே எனக்கு அப்பாவின் குரல் தெரிந்தது. என்னையறியாமல் கண் கலங்கிவிட்டது, பக்கத்தில் இருந்த துருக்கிக்காரர் சாப்பாடு உறைப்போ என்று கேட்டார்.

பாட்டு வானொலியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதற்கு ஒரு வீடியோ எடுத்தார்கள். ஒரு மீன் பொரியல் கடையில் குட்டைப் பாவாடையோடு மேசைமேல் ஏறி நின்று பாடினாள். அதை முதலில் அப்பாவுக்குக் காட்டியவர் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். தமிழ்ப் பள்ளிக்கூட நடைவழியில், பெற்றோர்கள் நின்ற இடத்தில், கைபேசியை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி அப்பாவிடம் சொன்னார். “மாஸ்டர், குறை நினைக்காதேங்கோ. பிள்ளையளுக்குப் பண்பாடு படிப்பிக்கிறவரின்ர வீட்டிலயே இப்பிடி எண்டா, நாங்கள் மற்ற ஆக்களுக்கு என்னத்தைச் சொல்லுறது?” அப்பா அந்த இடத்திலேயே பள்ளிக்கூடக் கதவுத் திறப்பைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அன்றோடு மகளோடு கதைப்பதை நிறுத்தினார். வருடக் கணக்கில் நிறுத்தினார். அவள் அழைத்தால் அம்மா கைபேசியைக் குசினிக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அப்பா வரவேற்பறையில் ரீவியின் சத்தத்தைக் கூட்டுவார். இதற்கிடையில் அவளுடைய குழு வளர்ந்தது. இசைத்தட்டுகள் வந்தன, வயல்வெளிகளில் நடக்கும் பெரிய கோடைவிழாக்களில் பாடினாள், ஜெர்மன் சஞ்சிகை ஒன்றின் அட்டையில் அவள் முகம் வந்தது. ஹம் ரயில் நிலையப் புத்தகக் கடையில் அது தொங்கியபோது அப்பா அந்தப் பக்கத்தால் நடப்பதை விட்டு, மற்ற வாசலால் சுற்றிப் போனார். இப்படிப்பட்ட வீம்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நான் ஒரு முறை விடுமுறை எடுத்து, அவர்களோடு இங்கிலாந்தில் சில நாட்கள் வேனில் திரிந்தேன். பாடகியின் வாழ்க்கை என்றால் ஆட்டமும் பாட்டமும் என்று நினைத்துப் போனவன் நான். அங்கே பார்த்தது வேறு. அதற்கு முந்திய வருடம் அவளுடைய குரல் நாண்களில் சிறு முடிச்சுகள் வந்து சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள். இனிக் குரலைக் கண்டபடி செலவழித்தால் ஒன்றும் மிஞ்சாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு, பாடுவதற்கு முதல் நாளும் பாடும் நாளும் அவள் ஒரு சொல்லும் கதைப்பதில்லை. கழுத்தைச் சுற்றித் துணி, கையில் சுடுநீர்ப் போத்தல், ஏதும் சொல்ல வேண்டுமென்றால் கைபேசியில் எழுதிக் காட்டுவாள். மேடையில் ஏறித்தான் வாயைத் திறப்பாள். ஆயிரக்கணக்கான ஆட்கள் அவளோடு சேர்ந்து கத்துவார்கள். இறங்கியதும் மறுபடி துணி, சுடுநீர், மௌனம். என் தங்கையோடு அந்தப் பயணம் முழுக்க நான் கதைத்ததைவிட அந்த மேளக்காரனோடு கதைத்தது அதிகம்.

அம்மா இறந்த பிறகு அப்பா கொஞ்சம் இளகினார். செத்த வீட்டுக்கு அவள் வந்தபோது, “சாப்பிட்டியோ?” என்று ஒரு வார்த்தை கேட்டார். அவ்வளவுதான். பிறகு வீடு வெறுமையாகிவிட்டது. குசினிக்குள் கைபேசியில் கதைக்க ஆளில்லை, சத்தத்தைக் கூட்ட வேண்டிய தேவையும் இல்லை. ஒரு பின்னேரம் ஷிஃப்ட் முடிந்து நான் போனபோது, என்னைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். “அவள் இப்ப எங்க பாடுறாள்?” நான் சொன்னேன். “இஞ்சால் பக்கம் வருவாளோ?” என்றார். “வந்தா எனக்கு ஒருக்காப் பாடிக் காட்டச் சொல்லு.” நான் வெளியே வந்து காருக்குள் இருந்துகொண்டு அவளை அழைத்தேன். அவள் வெகுநேரம் அழுதாள். “அப்பா கேக்கிறாரெண்டா நான் வருவன் அண்ணா. குழுப் பாட்டு வேண்டாம். அவர் எனக்குப் படிப்பிச்ச கீர்த்தனையைப் பாடுறன், எசனில ரெண்டாம் பரிசு வாங்கின அதையே. இந்த முறை பிழைக்காது.” முப்பத்தைந்து வயதுப் பெண், உலகம் சுற்றியவள், அந்த இரண்டாம் பரிசை இன்னும் சுமந்துகொண்டு திரிகிறாள் என்று நினைக்க எனக்கு அப்பாவின் மேல் எரிச்சல் வந்தது.

வரவேற்பறையில் பாடியிருந்தால் ஐந்து நிமிடத்தில் காரியம் முடிந்திருக்கும். நான் அதைத்தான் சொன்னேன். அப்பா தலையாட்டினார், ஆனால் இல்லை என்று ஆட்டினார். “வீட்டுக்குள்ள பாடினா ஆருக்குத் தெரியும்?” அப்படியானால் அவளுடைய இசை நிகழ்ச்சிக்கு வாருங்கள் என்றேன். “அந்தக் குடிகாரச் சனத்துக்குள்ள எனக்கு வர ஏலாது.” இந்தச் செய்தி எப்படியோ சங்கத் தலைவரின் காதுக்குப் போனது. ஹம்மில் செய்திகள் நடந்து போவதில்லை, பறந்துதான் போகும். அடுத்த கிழமையே அவர் பழப்பெட்டியோடு வீட்டுக்கு வந்து, ஒன்றும் நடக்காதது போல அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். “மாஸ்டர், எங்கட கலைவிழாவில பிள்ளை பாடட்டும். எங்கட சனத்துக்கு முன்னால பாடட்டும்.” அப்பாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் சனிக்கிழமை பின்னேரம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் வந்தாள். முதல் நாள் அங்கே பாடியிருந்தாள், செவ்வாய்க்கிழமை கோபன்ஹேகனில் பாட வேண்டும், நடுவில் கிடைத்த ஓய்வை எங்களுக்குக் கொடுத்தாள். வீட்டு வாசலில் அப்பா நின்றார். அவள் காலில் விழுந்து எழும்பினாள், அவர் தலையில் கை வைத்தார். “எப்பிடிப் பிள்ளை இருக்கிறாய்?” என்று கேட்டார். அவள் சிரித்து, கழுத்தைத் தொட்டுக் காட்டி, கைபேசியில் எழுதினாள். அவள் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவாள், அப்பாவுக்கு அது படிக்க வராது. நான் வாசித்துக் காட்டினேன்: “நல்லா இருக்கிறன் அப்பா. நாளைக்குப் பாடவேணும், அதால கதைக்கேலாது. பாடி முடிய நிறையக் கதைப்பம்.” அப்பா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “வாயால சொல்ல ஏலாதோ?” என்றார். நான் சத்திரசிகிச்சையைப் பற்றி விளக்கினேன். ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கலைவிழா ஒரு மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. ஒரு மணிக்கு மண்டபத்தில் இருந்தவர்கள் நாங்கள் மூவரும், கதிரை அடுக்கிய இரண்டு பேரும், மண்டபத்துக்குப் பொறுப்பான ஜெர்மன்காரரும்தான். அவர் ஒரு பெரிய திறப்புக் கொத்தோடு என்னிடம் வந்தார். மற்றவர்களைவிட நான் கொஞ்சம் பொறுப்பானவனாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆறு மணிக்கு மண்டபம் காலியாக வேண்டும், பின்னேரம் ஒரு நடனக் கழகம் வருகிறது, ஐந்தரைக்கு ஒலியை நிறுத்திவிடுவேன் என்றார். போன தடவை உங்கள் ஆட்கள் என்னை ஏமாற்றிவிட்டார்கள், இந்த முறை விடமாட்டேன் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் பிழை இல்லை. தலைவர் வந்து சேர்ந்ததும் அப்படியே அவரிடம் சொன்னேன். “தம்பி, அவங்கள் அப்பிடித்தான் சொல்லுவாங்கள்” என்றார்.

நிகழ்ச்சி மூன்று மணிக்குப் பக்கத்தில் தொடங்கியது. மங்கல விளக்கேற்ற ஊரில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் சோடி சோடியாகக் கூப்பிடப்பட்டார்கள். ஒருவரை விட்டால் அவருடைய குடும்பம் அடுத்த வருடம் வராது, அதனால் யாரையும் விட முடியாது. பிறகு போரில் மாண்டவர்களுக்கு அகவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, ஆசியுரை. பான் நகரிலிருந்து வந்த ஒரு கலாநிதி தமிழிசையின் தொன்மை பற்றிப் பேசினார். இன்னும் பேசுவார் என்று தெரிந்தது. தங்கை முன்வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் அம்மாவின் சேலையில் இருந்தாள். வந்து குனிந்து விசாரித்தவர்களுக்கெல்லாம் சிரித்துக் கைகூப்பினாள். எனக்குப் பின்வரிசையில் இரண்டு பெண்கள் கதைத்தது காதில் விழுந்தது. “வாயே திறக்கிறா இல்லையப்பா.” “பேர் வந்தா உப்பிடித்தான், எங்களோட கதைச்சாக் குறைஞ்சு போயிடுவா.” திரும்பி நாலு வார்த்தை சொல்ல வாய் உன்னியது. அப்பாவுக்காக அடக்கினேன்.

நாலரை மணிக்குத் தங்கை கைபேசியை என் பக்கம் நீட்டினாள். “எப்ப?” என்று ஒரு சொல். நான் எழுந்து மேடைப் பக்கம் போய்த் தலைவரைப் பிடித்தேன்.

“அண்ணை, அவவை இப்ப பாட விடுங்கோ. மண்டபக்காரன் ஐந்தரைக்குச் சவுண்டை நிப்பாட்டப் போறான்.”

“தம்பி, உமக்கு விழா நடத்தின அனுபவம் இல்லை” என்றார், என் தோளில் கையைப் போட்டு. “அவ இப்ப பாடினாச் சனம் எழும்பிப் போயிடும். பிறகு சின்னப் பிள்ளையளின்ர நடனத்தை ஆர் இருந்து பாக்கிறது? முக்கியமான ஆளைக் கடைசியில வைச்சாத்தான் ஹோல் நிறைஞ்சு இருக்கும்.”

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. எங்கள் விழாக்கள் எல்லாமே அந்த நியாயத்தில்தான் ஓடுகின்றன. யாருக்காகச் சனம் வருகிறதோ அவரைக் கடைசிவரை கட்டி வைத்திருப்போம். கடைசி வரும்போது நேரம் இருக்காது.

சின்னப் பிள்ளைகள் ஆடினார்கள். அவர்களில் ஒரு பிழையும் இல்லை, வடிவாக ஆடினார்கள். ஐந்து மணிக்குத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, இப்போது நாங்கள் எல்லோரும் காத்திருந்த தருணம் என்றார். தங்கை நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாக மூச்சு இழுத்து விட்டாள். ஆனால் அவர் அழைத்தது பாடுவதற்கு இல்லை, கௌரவிப்புக்கு. ஹம் சங்கம் ஒரு பொன்னாடை போர்த்தியது, எசன் சங்கம் ஒன்று, பழைய மாணவர் சங்கங்கள், கோயில், விளையாட்டுக் கழகம் என்று ஒன்றின் மேல் ஒன்று விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் படம் பிடிக்க நின்று கொடுக்க வேண்டும். பிறகு பட்டம். ‘ஐரோப்பியத் தமிழிசைச் சுடர்’. அந்தக் குழுவோடு அவள் ஒரு தமிழ்ச் சொல்லைக்கூடப் பாடியதில்லை என்று அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் கை தட்டினார்கள்.

“இந்தச் சுடரை ஏற்றி வைச்ச தகப்பனை விட்டிட்டு நாங்கள் எப்பிடி விழா நடத்துறது?” என்றார் தலைவர். “எங்கட மாஸ்டரை மேடைக்கு அழைக்கிறன்.” அப்பா எழுந்தார். நான் கை கொடுக்கப் போனேன், தட்டிவிட்டார். மேடைப் படிகளில் யாருடைய உதவியும் இல்லாமல் ஏறினார். தலைவர் பொன்னாடை போர்த்தி, காலைத் தொடுவது போலக் குனிந்து, “ரெண்டு வார்த்தை பேசுங்கோ மாஸ்டர்” என்று ஒலிவாங்கியைக் கொடுத்தார். பள்ளிக்கூடத் திறப்பை மேசையில் வைத்துவிட்டு வந்த நாளுக்குப் பிறகு அப்பாவின் கையில் ஒலிவாங்கி வருவது அதுதான் முதல் தடவை.

அவர் பேசினார். தான் படித்த கதை, வந்த கதை, முகாம், பனி, கம்பித் தொழிற்சாலை, குசினி மேசை. நன்றாகத்தான் பேசினார், அதை நான் மறைக்க மாட்டேன். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். “எத்தினையோ பேர் எத்தினையோ கதைச்சவை. நான் என்ர பிள்ளையை ஒரு நாளும் தடுக்கேல்லை. அவளில எனக்கு எப்பவும் நம்பிக்கை இருந்தது” என்று அவர் சொன்னபோது பலத்த கைதட்டல். தலைவர்தான் முதலில் தட்டினார். அந்தப் பொய்யைச் சொல்லும்போது அப்பாவின் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. தங்கை அவருக்குப் பின்னால் பொன்னாடைக் குவியலுக்குள் இருந்து அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைபேசியில் சுருதியை எடுத்து மடியில் தயாராக வைத்திருந்தாள். மண்டபப் பொறுப்பாளர் பின் கதவடியில் வந்து நின்று மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். நான் மேடைக்குக் கீழே நின்று அப்பாவுக்குக் கைகாட்டினேன். அவர் என்னைக் கண்டார். கண்டுவிட்டு, “என்ர மகனும் இதில நிக்கிறான்” என்று என்னைப் பற்றியும் கொஞ்சம் பேசினார்.

ஐந்தரைக்கு ஒலிபெருக்கி நின்றபோது அவர் நன்றி சொல்லி முடித்திருந்தார். தலைவர் வெறும் வாயால் கத்தினார். “நேரமின்மை காரணமாக எங்கட சுடரின்ர பாட்டை அடுத்த வருசம் கட்டாயம் கேப்பம்! சாப்பாட்டுப் பொதி பின்னால குடுபடுது, எல்லாரும் எடுத்துக்கொண்டு போங்கோ!” நேரமின்மை காரணமாக. இந்த இரண்டு சொற்களையும் எத்தனையோ விழாக்களில் கேட்டிருக்கிறேன், நன்றியுரையை வெட்டவும், யாரோ ஒரு பிள்ளையின் வீணையை வெட்டவும். கதிரைகள் இழுபட்டன. தங்கை எழுந்து மேடை விளிம்புக்கு வந்தாள். ஒலிவாங்கி இல்லாமலே அவளால் அந்த மண்டபத்தை நிறைக்க முடியும். வாயைத் திறப்பதற்குள் ஆட்கள் கைபேசிகளோடு சூழ்ந்துகொண்டு, ஒரு செல்ஃபி, ஒரேயொரு செல்ஃபி என்று தோளில் கை போட்டார்கள். அவள் எல்லோருக்கும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே வரவேற்பறைக்குப் போனாள். அப்பா பொன்னாடையைக் கழற்றாமல் கதிரையில் சாய்ந்திருந்தார். அவள் அவருக்கு முன்னால் தரையில் இருந்து, கைபேசியில் சுருதியைப் போட்டாள். அந்த ஓசை அறையில் எழுந்தது. குசினி வாசலிலேயே நின்றுவிட்டேன். அப்போது அப்பாவின் தொலைபேசி அடித்தது. டோர்ட்முண்டிலிருந்து யாரோ, விழாவை நேரலையில் பார்த்தவர். “ஓம் ஓம், பாத்தனீங்களோ? பேச்சு எப்பிடி?” அவள் காத்திருந்தாள். அவர் வைத்ததும் மறுபடி அடித்தது. பிறகு இன்னொன்று, கனடாவில் இருந்து. மூன்றாவது அழைப்பின் நடுவில் அவள் “அப்பா” என்றாள். இரண்டு நாளுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் சொல். அவர் பொறு என்று கையைக் காட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கிவிட்டாள்.

எத்தனை வருடத்துக் குரல் அது. பல்லவியின் முதல் வரியைப் பிடித்து, எசனில் பிழைத்த இடத்தைத் தாண்டி, ஒரு பிசகும் இல்லாமல் அந்த வளைவில் இறங்கினாள். நான் அப்பாவைப் பார்த்தேன். கனடாக்காரர் சொல்வது கேட்கவில்லை போலிருக்கிறது. அப்பா மற்றக் காதுக்குள் விரலை விட்டுப் பொத்திக்கொண்டு, “திருப்பிச் சொல்லுங்கோ, இஞ்ச கொஞ்சம் சத்தம்” என்றார்.

அவள் கண்ணைத் திறந்து அந்த விரலைப் பார்த்தாள். இரண்டாவது வரியைப் பாடவில்லை. சுருதியை நிறுத்திவிட்டு எழுந்து என்னிடம் வந்து, “அண்ணா, ரெயின் இருக்கோ எண்டு பார்” என்றாள். நாளைக்குக் காலையில்தானே போவதாகச் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. அம்மாவின் சேலையை மாற்றி மடித்துக் கட்டிலில் வைத்தாள். பொன்னாடைகளை அப்படியே மூலையில் விட்டாள். அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள், அவர் தொலைபேசியில் இருந்தபடியே அவளுடைய கன்னத்தைத் தட்டினார். நான் அவளை நிலையத்தில் விட்டேன். வழியில் அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை, கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சி இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வந்தபோது அப்பா ரீவிக்கு முன்னால் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“எங்க அவள்?”

“போயிட்டாள்.”

அவர் தட்டை மேசையில் வைத்தார். “பாத்தியோ? வந்ததில இருந்து போகும்வரைக்கும் என்னோட ஒரு கதை கதைக்கேல்லை. இவ்வளவு சனத்துக்கு முன்னால நான் அவளைப் பற்றி எவ்வளவு பேசினன். பெத்த தகப்பனோட ஒரு வார்த்தை கதைச்சா என்ன குறைஞ்சு போயிடும்?”

வாழ்நாளில் நான் அவரை எதிர்த்துக் கதைத்ததில்லை. அன்றைக்குக் கதைத்தேன். “அப்பா, அவள் உங்களுக்குப் பாடத்தான் கதைக்காமல் இருந்தவள். அவளின்ர நேரத்தை எடுத்தது தலைவர் இல்லை, நீங்கள். நீங்கள் பேசினதாலதான் அவள் பாடேல்லை.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். உண்மையிலேயே விளங்காத ஒருவரின் முகம் அது. கோபம்கூட அதில் இருக்கவில்லை.

“நானோ?” என்றார். “நான் ரெண்டு நிமிசம்தானே பேசினனான்.”